கிருதுமால் நீரில் வெள்ளித் துகள்கள்

கொசுப்புழுவைக் கொல்லும் வெள்ளி நானோ துகள்களைப் பற்றி ஒரு மாணவராவது ஆய்வேடு எழுதாத கல்வியாண்டு நம் பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் அண்மைக் காலத்தில் இருந்திருக்குமா என்பது ஐயமே. வேம்பு, துளசி, எருக்கு, ஆடாதொடை, நொச்சி, கீழாநெல்லி என்று வேலியோரத்தில் நிற்கும் செடிகள் அநேகமாக எல்லாமே இந்தக் காரியத்துக்காக ஒருமுறையேனும் ஆய்வகக் குவளையில் கொதித்திருக்கின்றன. இத்துகள்கள் கொசுக் கட்டுப்பாட்டுக்கு உகந்தவை, செலவு குறைந்தவை, சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றவை என்ற வாக்கியம் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கத்தில் தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் மாநகராட்சிப் பணியாளர் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும் தெளிப்பானில் இவற்றில் ஒன்றுகூட ஏறி நான் பார்த்ததில்லை. இத்தனை செடிகளும் இத்தனை கட்டுரைகளும் எங்கே போகின்றன என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாகத் தீராமல் கிடந்தது.

மதுரையைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யானைக்கால் நோய்க்கான இரவு ரத்தப் பரிசோதனைக்கு, ஊர் படுக்கப்போகும் நேரத்தில் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியில் குத்தி, ஸ்லைடில் தடித்த பூச்சாக ரத்தம் எடுத்து, ஜே.எஸ்.பி. சாயமேற்றி, உறை போர்த்திய மைக்ரோஃபைலேரியாவை நுண்ணோக்கியில் தேடியவன். பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, கியூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளையில் மட்டும் தோலடி ரத்தத்துக்கு ஏறிவரும் அந்தப் புழுக்குஞ்சுகளின் ஒழுங்கைப் பார்த்தவனுக்கு, ஒட்டுண்ணி என்பது இடத்தையும் நேரத்தையும் நன்றாக அறிந்த உயிர் என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. நானோ தொழில்நுட்பம் ஒட்டுண்ணி நோய்களை ஒழித்துவிடும் என்று நாளிதழின் இணைப்பிதழ்களில் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் முழுதாக நம்பவும் முடியாமல், முழுதாகத் தள்ளவும் முடியாமல் இருந்தேன். என் அண்ணன் மகள் தன் முதுகலை ஆய்வுக்கு நொச்சி இலையையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் இது குறித்து ஒரு தீர்மானத்துக்கு வர முடிந்தது.

குவளைக்கு உள்ளே, குவளைக்கு வெளியே

செய்முறை எளிது. கழுவி நறுக்கிய இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் சேர்த்தால், இலையில் உள்ள வேதிப்பொருள்கள் வெள்ளி அயனிகளை வெள்ளி உலோகமாக மாற்றுகின்றன. அந்த உலோகம் பெரிய கட்டியாகச் சேராமல், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் நானோமீட்டர் அளவையில் சில பத்துகள் மட்டுமே விட்டமுள்ள துகள்களாக நின்றுவிடுகிறது. வெளிர் மஞ்சளாக இருந்த நீர் மெல்லப் பழுப்பாகிறது. நிறமாலைமானியில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடு தெரிந்தால் துகள் உருவாகிவிட்டது என்று பொருள். பிறகு, குவளைக்கு 25 வீதம் கொசுப்புழுக்களை விட்டு, வெவ்வேறு அளவுகளில் துகளைக் கலந்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவுக்கு எல்.சி.50 என்று பெயர். ஆய்வேட்டின் உயிர்நாடியே அந்த ஓர் எண்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் மீதும் இதே சோதனையைச் செய்கிறார்கள் என்றாலும், டெங்கு வைரஸால் வருவது. ஒட்டுண்ணிக் கணக்கில் சேர்பவை யானைக்கால் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸும் மலேரியா நுண்ணுயிரியைச் சுமக்கும் அனோபிலிஸும்தான்.

கியூலெக்ஸ் முட்டை எங்கே கிடைக்கும் என்று அவள் என்னிடம் கேட்டாள். மதுரையில் பிறந்த ஒருத்தி கேட்கக்கூடிய கேள்வியா இது என்று சிரித்துக்கொண்டே கிருதுமால் கரைக்கு அழைத்துப் போனேன். ஒரு காலத்தில் நதியென்று பெயரெடுத்து, இன்று நகரின் கழிவுநீரையெல்லாம் சுமந்து போகும் அந்தக் கால்வாயில், தேங்கி நின்ற பகுதிகளில், படகு வடிவத்தில் ஒட்டிக்கொண்டு மிதக்கும் முட்டைத் தொகுதிகளைக் கரண்டியால் எடுத்துக்கொடுத்தேன். ஆய்வகத்தில் அவை குழாய்நீரில் பொரிந்து, நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும் அரைத்த தூளைத் தின்று கொழுத்து வளர்ந்தன. துகள் கலந்த குவளைகளில் எதிர்பார்த்தபடியே செத்தன. ஆய்வேட்டுக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. இந்தப் புழு வாழ்வது கால்வாயில், நான் மட்டும் ஏன் குழாய்நீரில் வைத்துச் சோதிக்கிறேன் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. கால்வாய் நீரையே ஒரு குடத்தில் எடுத்துவந்து, துணியில் வடிகட்டி, அதே எண்ணிக்கையில் புழுக்களை விட்டு, குழாய்நீரில் அநேகமாக எல்லாவற்றையும் கொன்ற அதே அளவு துகளைக் கலந்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, “சித்தப்பா, பெரும்பாலும் எல்லாமே நெளிஞ்சுக்கிட்டு இருக்கு” என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது. எனக்கோ, நெடுநாளாகத் தேடிய ஸ்லைடு ஒருவழியாகக் கையில் கிடைத்ததுபோல் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். பழுப்பு நிறம் நீரிலிருந்து மறைந்து, குவளையின் அடியில் கருமையான வண்டல் படிந்திருந்தது. புழுக்கள் வழக்கம்போல் வால்பக்கக் குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

இதற்கு விளக்கம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காற்றுப் புகாத கழிவுநீரில் சல்ஃபைடு மிகுதி. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்து வருவதுதான். வெள்ளிக்கும் சல்ஃபைடுக்கும் உள்ள ஈர்ப்பு மிக வலுவானது. பூஜை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதற்கும் அதுவே காரணம். துகளின் மேற்பரப்பு வெள்ளி சல்ஃபைடாக மாறிவிட்டால், அநேகமாக நீரில் கரையவே கரையாத அந்தப் பொருளிலிருந்து வெள்ளி அயனிகள் வெளிவருவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. துகளின் நச்சுத்தன்மையில் பெரும்பங்கு அந்த அயனிகளைச் சார்ந்தது. கழிவுநீரில் உள்ள குளோரைடும் வெளியேறும் அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. உப்புகளால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்குகின்றன. மக்கும் கரிமப் பொருள்கள் எஞ்சியவற்றைப் போர்த்திவிடுகின்றன. சிறியதாக இருப்பதால் துகளுக்குக் கிடைத்த பெரிய மேற்பரப்பே, கால்வாயில் இறங்கியதும் அதன் பலவீனமாகிவிடுகிறது. எந்த நீரில் கியூலெக்ஸ் குடியிருக்கிறதோ அந்த நீர் வெள்ளியைச் செயலிழக்கச் செய்கிறது.

சரி, நல்ல நீரிலாவது பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும்தான் முட்டையிடுகிறது. அது நாம் குடிக்கும் நீர். கிருமி வளராமலிருக்க வெள்ளி உப்புகளைச் சேர்க்கும் இடங்களில், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி சொல்கிறது. நான் படித்த ஆய்வேடுகள் பலவற்றில் எல்.சி.50 மதிப்பு லிட்டருக்குப் பத்து மில்லிகிராமும் அதற்கு மேலுமாக இருக்கிறது. அது பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு மட்டுமே. மீதிப் பாதி கொசுவாகிப் பறந்துவிடும். இப்போது பணியாளர்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்தோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே வேலையை முடித்துவிடுகிறது. அதற்கும் எதிர்ப்புத்திறன் வளரும், மாற்று வேண்டும் என்பது உண்மை. அந்த மாற்று, நீரைவிட்டுப் போகாத, மீனுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சாகிற ஒரு கன உலோகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இலைச்சாற்றில் செய்ததால் அது பசுமையாகிவிடாது. துகளைச் செய்த முறைதான் பசுமை, துகள் வெள்ளிதான்.

கால்வாய் நீர்ச் சோதனையை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம், அது தலைப்புக்கு வெளியே போகிறது என்று அவளுக்கு அறிவுரை கிடைத்தது. அட்டவணை வெளியேறியது, ‘சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது’ என்ற வாக்கியம் உள்ளேயே இருந்தது. அறிவுரை சொன்னவர்மீது எனக்குக் கோபமில்லை. நேரத்தில் பட்டம் வாங்கித்தரும் பொறுப்பு அவருக்கு இருக்கிறது. நிறமாலைமானியைக் கையாளவும், இறப்பு விகிதத்தைக் கணக்கிடவும், துகள் கலக்காத கட்டுப்பாட்டுக் குவளை எதற்கு என்று புரிந்துகொள்ளவும் இந்த ஆய்வுகள் பிள்ளைகளுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. பயிற்சிக்குச் செய்த வேலையைக் கண்டுபிடிப்பு என்று அச்சிடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதே கியூலெக்ஸை இதே வகை நீரில் மடக்கிய வேலை ஒன்று மதுரையிலிருந்தே நடந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் மதுரையில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர், திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் யானைக்கால் நோய்க்கான மாத்திரைகளோடு கொசுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சோதித்தார்கள். கழிவுநீர்க் குழிகளில் அவர்கள் தூவியது தெர்மாகோல் மணிகளை. வைகை அணையில் 2017இல் நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதற்குப் பிறகு தெர்மாகோல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் சிரிப்பு வந்துவிடும் என்பது தெரியும். ஆயினும் ஒரு மூடிய குழியில் அந்த மணிகள் நெருக்கமாகப் பரவி மிதந்தால் புழுவின் மூச்சுக்குழலுக்கு நீர்மட்டம் எட்டாது, தாய்க்கொசுவுக்கும் முட்டையிட இடமிருக்காது. மணி மக்காது என்பதால் மீண்டும் மீண்டும் தூவ வேண்டியதில்லை. கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டார்கள். மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட, கொசுவையும் சேர்த்துக் கட்டுப்படுத்திய ஊர்களில் நோய்ப்பரவல் நன்றாகக் குறைந்தது. நானோமீட்டருக்கும் அந்த மணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புழு எங்கே எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற பொருளைப் பிறகு தேடியிருக்கிறார்கள்.

2021இல் தேடி அலைந்த குப்பி

அப்படியானால் நானோ என்பதே வெறும் பேச்சுதானா என்றால், இல்லை. அதற்கான சான்றை 2021ஆம் ஆண்டின் கோடையில் கையில் வாங்காமலேயே தேடி அலைந்திருக்கிறேன். கொரோனா இரண்டாம் அலையில், சர்க்கரை நோயுள்ள என் நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கரும்பூஞ்சை கண்ணுக்குக் கீழே இறங்கிவிட்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்தது லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் தினமும் ஏற்ற வேண்டும். குப்பி ஒன்றில் 50 மில்லிகிராம். அறுபது கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு ஆறு குப்பிகள், அதுவும் வாரக்கணக்கில். டவுன்ஹால் ரோட்டிலிருந்து அண்ணாநகர் வரை எந்த மருந்துக் கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும், பெயரில் லிப்போசோமல் இல்லாத சாதா ஆம்ஃபோடெரிசின் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். மருத்துவரிடம் கேட்டதற்கு, வேறு வழியே இல்லாவிட்டால் அதைக் கொடுப்போம், ஆனால் குளிர்நடுக்கம் வரும், சிறுநீரகத்தை அன்றாடம் கண்காணிக்க வேண்டியிருக்கும் என்றார். மருந்து ஒன்றே, சுற்றியிருக்கும் உறை மட்டுமே வேறு. அந்த உறைக்காக ஊரே அலைந்தது.

அந்த உறைதான் நானோ தொழில்நுட்பம். சோயாவிலிருந்து கிடைக்கும் கொழுப்பையும் கொலஸ்டிராலையும் கொண்டு, நூறு நானோமீட்டருக்கும் குறைவான விட்டத்தில் செய்த லிப்போசோம் என்னும் குமிழிகள் அவை. மருந்து குமிழியின் நடுவில் நிரப்பப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆம்ஃபோடெரிசினைப் பொறுத்தவரை இது பூரணக் கொழுக்கட்டை இல்லை. தாளிப்பை மாவிலேயே கலந்து பிடிக்கும் உப்புக் கொழுக்கட்டை. கொழுப்புச் சுவரிலேயே மருந்து பதிந்திருப்பதால், ரத்தத்தில் போகும்போது சிறுநீரக உயிரணுக்களில் சிந்தாமல், சேர வேண்டிய இடம்வரை பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது.

பூஞ்சைக்கான அந்தக் குப்பிக்கு ஒட்டுண்ணி வரலாற்றில் இன்னொரு பெரிய இடம் உண்டு என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. ஆம்ஃபோடெரிசின் அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. காளா அசார் எனும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் சவ்விலும் அதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான் உள்ளது. எனவே பூஞ்சை மருந்து ஒட்டுண்ணியையும் கொல்லும். இந்த நோய் பீகார்க்காரர்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த ஒட்டுண்ணியின் பெயரில் பாதி சென்னைக்குச் சொந்தம். 1903இல் மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த மாதிரியில் அதைக் கண்டார். அதே ஆண்டில் சற்று முன்னதாக வில்லியம் லீஷ்மன் தம் பங்குக்குக் கண்டதை வெளியிட்டிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார்.

இந்த ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும் இடம் வியப்பானது. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்றே இருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களுக்குள்ளேயே, மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும், அது குடியிருந்து பெருகுகிறது. காவல் நிலையத்துக்குள்ளேயே திருடன். ரத்தத்தில் கொழுப்புக் குமிழிகளைச் செலுத்தினால், அவற்றை அந்நியத் துகள்கள் என்று பிடித்து விழுங்குபவையும் அதே விழுங்கணுக்கள்தாம். மருந்துக்கு வழிகாட்ட யாரும் வேண்டியதில்லை. ஒட்டுண்ணி இருக்கும் அறைக்கே உடல் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. இந்தப் பொருத்தத்தை 1970களின் பிற்பகுதியிலேயே கண்டுகொண்ட ஆய்வாளர்கள், பழைய ஆன்டிமனி மருந்தை லிப்போசோமில் அடைத்து விலங்குகளிடம் சோதித்து வென்றார்கள். அது ஓர் எளிய பீகார்க் கிராமவாசியை எட்டத்தான் முப்பதாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பீகாரின் முசாஃபர்பூரில் ஷியாம் சுந்தர் குழுவினர் நடத்தி 2010இல் வெளியான ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு பிரிவில் 304 நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் லிப்போசோம் மருந்து ஒரே ஒருமுறை ஏற்றப்பட்டது. மறு பிரிவில் 108 பேருக்குச் சாதா மருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 முறை ஏற்றப்பட்டது. அதாவது ஒரு மாத மருத்துவமனை வாசம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குணமானோர் முறையே 95.7, 96.3 விழுக்காடு. குணமாகும் விகிதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு எங்கே என்றால், தினக்கூலிக்குப் போகும் ஒருவர் ஒரு மாதம் படுக்கையில் கிடப்பதற்கும் ஒரு நாளில் எழுந்து வீட்டுக்குப் போவதற்கும் இடையில் இருக்கிறது. 2014 முதல் இந்த ஒற்றை ஏற்றுமுறை நம் நாட்டின் முதல்நிலைச் சிகிச்சையானது. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக மருந்து நன்கொடையாக வந்தது.

1992இல் நாட்டில் 77,102 பேருக்குக் கண்டறியப்பட்ட நோய், அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2023இல் வங்கதேசம், இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிய முதல் நாடாக அறிவிக்கப்பட்டது. இந்த வெற்றி முழுவதையும் குமிழியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. நோயைப் பரப்பும் மணல்ஈயைக் கொல்ல வீடுகளுக்குள் மருந்து தெளித்தவர்களுக்கும், ஊர் ஊராகக் காய்ச்சல்காரர்களைத் தேடிய ஆஷா பணியாளர்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. மருந்தும் குறைகளற்றதன்று. குப்பியை 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும்; மின்சாரம் போய்வரும் ஒரு சுகாதார நிலையத்தில் மே மாதம் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது மதுரை வெயிலில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். விலையும் ஏழைக்கு எட்டாதது. நன்கொடை இல்லாவிட்டால் இந்த வெற்றியே இல்லை.

இளஞ்சிவப்புக் கோடு

நானோ துகள் நம் ஊருக்கு யாரும் கவனிக்காமல் வந்து சேர்ந்த இன்னொரு வழியும் உண்டு. மலேரியா விரைவுப் பரிசோதனைப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டதும் தோன்றும் இளஞ்சிவப்புக் கோடு, தங்கம். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் மஞ்சளாக மின்னும் அதே தங்கம், சில பத்து நானோமீட்டர் அளவுக்கு நுணுகும்போது ஒளியை வேறுவிதமாக உறிஞ்சிச் சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தத் துகளின்மேல் மலேரியாப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஒட்டவைத்துவிட்டால், புரதம் இருக்கும் ரத்தத்தில் துகள்கள் கோட்டில் போய்ச் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகின்றன. நுண்ணோக்கியும் சாயமும் பயின்ற கண்ணும் வேண்டியிருந்த ஒரு வேலையை, கிராம சுகாதார செவிலியர் திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். என் தொழிலின் ஒரு பகுதியை அது எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. காய்ச்சல்காரரின் ரத்தப்பூச்சு நகரத்துக்குப் போய் முடிவு திரும்பி வருவதற்குள் அவரைக் கடித்த கொசுக்கள் இன்னும் எத்தனை பேரைக் கடித்தன என்று எண்ணிக் கவலைப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் கோட்டின் அருமை தெரியும். இதைச் சொன்னதும், தங்கபஸ்பம் கண்ட நம் முன்னோர்களுக்கு நானோ தெரியும் என்று கிளம்பும் நண்பர்களுக்கு ஒன்று: பஸ்பம் எதைப் பிடிக்கிறது, எங்கே போகிறது என்று அளந்து காட்டும் வரை நான் காத்திருக்கிறேன்.

மலேரியாத் தடுப்பூசியிலும் இதே கதைதான். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிப்பது. ஒட்டுண்ணியின் புரதத் துண்டுகளை வைரஸ் போன்ற நுண்துகள் ஒன்றின் மேற்பரப்பில் நெருக்கமாக அடுக்கி, உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். கூடவே சேரும் துணைப்பொருள், பூந்திக்கொட்டையில் நுரை எழுப்பும் அதே வகைச் சபோனினைச் சிலி நாட்டு மரப்பட்டை ஒன்றிலிருந்து எடுத்துக் கொழுப்போடு சேர்த்துக் கட்டிய, சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள கூடு.

புழு இருக்கும் இடம்

இவற்றையெல்லாம் வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தபோது, ஆய்வுக்குப் புதிய தலைப்புத் தேடும் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: உன் ஒட்டுண்ணி எங்கே இருக்கிறது, உன் துகளுக்கு அங்கே போக வழி இருக்கிறதா? யானைக்கால் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை கொடுத்துவந்த டி.இ.சி. மாத்திரை ரத்தத்தில் உள்ள குஞ்சுகளை நன்றாகக் கொல்கிறது. நிணநீர்க் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழும் தாய்ப்புழுவிடம் அதன் வலிமை குறைவு. தோலுக்கடியில் செலுத்தப்படும் நானோ துகள்களோ, ரத்தக் குழாய்க்குள் நுழைவதைவிட நிணநீர்க் குழாய்களின் வழியே வடிவதையே இயல்பாகக் கொண்டவை. புழு இருக்கும் குழாயும் துகள் போகும் குழாயும் ஒன்றாக இருப்பது இங்கே கிடைக்கும் அரிய வாய்ப்பு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் எலியினங்களில் யானைக்கால் புழுவை வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் மரபு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் வெள்ளியை வைத்துக் கொசுப்புழுவைக் கொல்லும் வேலை ஓர் அரையாண்டில் முடிந்துவிடும். யானைக்கால் புழுவை வைத்துச் செய்யும் இந்த வேலை அவ்வளவு சீக்கிரம் முடியாது. நம் கல்லூரிகள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

அல்பெண்டசோல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு இருமுறை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகள் சப்பிச் சாப்பிடும் அந்தக் குடற்புழு மாத்திரை நீரில் சரியாகக் கரையாது. குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவது மிகச் சொற்பம். குடலிலேயே கிடக்கும் உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் அது ஒரு குறையே இல்லை; மருந்து அங்கேயே தங்குவது நல்லதுதான். அதை நானோ பொடியாக்கி நன்றாக உறிஞ்சப்படச் செய்தோம் என்று யாராவது குடற்புழுவுக்காகப் பெருமைப்பட்டால் அது வீண்பெருமை. ஆனால் அதே மருந்தைத்தான் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும் ஹைடாடிட் நோய்க்கும் கொடுக்கிறோம். அங்கே அது ரத்தத்தில் ஏறி, கட்டியின் தடித்த சுவரைக் கடந்து உள்ளே போயாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கான சூழல் முழுமையாகவே இருக்கிறது. மதுரையிலிருந்து சிவகங்கை, ராமநாதபுரம் வரை வயல்களில் கிடை போடும் கீதாரிகளும், ஆட்டோடு போகும் நாய்களும், ஊருக்கு ஊர் கிடா வெட்டும் உள்ள பூமி இது. வெட்டிய ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி தென்பட்டால், அந்தத் துண்டை அறுத்து அருகில் காத்திருக்கும் நாய்க்கு எறிந்துவிடுகிறார்கள். கட்டிக்குள் இருக்கும் குஞ்சுகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லிலும் நீரிலும் கலந்து, ஆட்டுக்கும் சில வேளைகளில் மனிதருக்கும் போய்ச் சேர்கின்றன. இந்தச் சுற்றை அறுக்க நானோவே வேண்டாம். கட்டியுள்ள ஈரலை ஆழமாகப் புதைப்பதும், நாய்க்குக் காலந்தவறாமல் பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுப்பதும் போதும். வெட்டுபவரிடமும் கீதாரியிடமும் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே கட்டி வளர்ந்துவிட்டவருக்குத்தான் நுண்துகள் தேவைப்படுகிறது. அறுவைச் சிகிச்சையில் கட்டி உடைந்து நீர் வயிற்றுக்குள் சிந்தினால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம் என்பதால், முன்னும் பின்னும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் மருந்து மட்டுமே வழி. கரையாத இந்த மருந்தை நானோ படிகமாகவோ கொழுப்புத் துகளாகவோ மாற்றி, விலங்குகளில் அது கட்டியைச் சிறப்பாகத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. அவை மருந்துக் கடைக்கு வந்து சேரும்வரை கையில் இருக்கும் உபாயம் ஒன்றுதான்: கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டால் மருந்து ரத்தத்தில் ஏறுவது ஐந்து மடங்கு வரை கூடும். எனவே சீட்டில் ‘நல்ல எண்ணெய், நெய் சேர்த்த சாப்பாட்டோடு’ என்று எழுதிக்கொடுக்கிறார்கள். பிறருடைய ஆடுகளை மேய்த்து, கம்மங்கூழும் வெங்காயமுமாய் வயலில் பொழுதைக் கழிக்கும் கிடைக்காரர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாளுக்கு இருமுறை நெய்க்கு எங்கே போவார் என்று சுகாதார நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. அண்ணன் மகள் இப்போது முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருக்கிறாள். அல்பெண்டசோலை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கட்டுரை வெளிவர எத்தனை ஆண்டாகும் என்று கேட்கிறாள்.